பதினான்காவது வாக்கியம்

எங்கள் ஊர் மைதானத்தில் நடுவர் விசில் ஊதுவதில்லை. ஆட்டுமணி ஆட்டுவார். ஆட்டின் கழுத்தில் கட்டுகிற, ஒரு பக்கம் நசுங்கிய மணி. வெளியூர் அணிக்காரர்கள் முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். விதிப்படி விசில்தான் வேண்டும் என்று மாவட்டக் கால்பந்துச் சங்கம் இரண்டு முறை கடிதம் போட்டது. யாரும் பதில் எழுதவில்லை.

நான் சொல்ல வந்தது எலிசேயோவைப் பற்றி. மணியைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது.

எலிசேயோ சிலிண்டர் போடுகிறவன். எங்கள் ஊர் வல்தோரா மலைச்சரிவில் இருக்கிறது. எரிவாயுக் குழாய் பள்ளத்தாக்கோடு நின்றுவிட்டது. முப்பது வருஷமாக நீல நிறச் சின்ன லாரியில் அவன்தான் மேலே கொண்டுவருகிறான். எந்த வீட்டுக்குள்ளும் அவன் முன்வாசல் வழியாகப் போனதில்லை. பின்கதவு, சமையலறை, அடுப்படி. யார் வீட்டுக் கட்டில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டுக் கிழவர் அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டுத் தூங்குவார், எல்லாம் அவனுக்குத் தெரியும். தோளிலிருந்து சிலிண்டரை இறக்கும்போதே மூக்கை உறிஞ்சி, “கொழம்புல உப்பு கம்மி” என்பான். வாயில் வைக்காமலே எப்படிச் சொல்லலாம் என்று சண்டைக்கு வருவார்கள். பிறகு ருசித்துப் பார்ப்பார்கள். பிறகு உப்புப் போடுவார்கள்.

அவன் மனைவி லொரெத்தா தபால் நிலையத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு தபால்தலை வாங்கப் போனால் அரைமணி நேரம் ஆகும். யாருக்குக் கடிதம், ஏன் இத்தனை நாள் கழித்து, அந்த மருமகள் இப்போது எப்படி இருக்கிறாள். வீட்டில் அவன் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசினாள். “நீ என்ன ஊமையா?” என்று யாராவது கேட்டால், “என் முறை இன்னும் வரல” என்பான் எலிசேயோ.

குழந்தைகள் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பூமி குலுங்கியது. ஞாயிறு என்பதால் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். எலிசேயோ மட்டும் மேல்தெருவில் இருந்தான். ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு கொதிக்கும்போது எரிவாயு தீர்ந்துவிட்டது என்று போன் வந்திருந்தது. சிலிண்டரோடு ஆட்டுக் கொட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் பிழைத்தான்.

நான் ஓடு வேய்கிறவன். ஊரின் தன்னார்வ மீட்புக் குழுவுக்கும் நான்தான் தலைவன். எங்களிடம் கடப்பாறைகள் இருந்தன, இரண்டு மண்வாரி இயந்திரங்கள் இருந்தன, என் கழுத்தில் ஒரு விசில் இருந்தது. முறை இதுதான்: விசில் ஊதினால் எல்லாம் நிற்க வேண்டும். இயந்திரம், பேச்சு, அழுகை, நடமாட்டம் எல்லாம். இடிபாட்டின் மேல் காதை வைத்துக் கேட்போம். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தமோ முனகலோ வந்தால் அங்கே தோண்டுவோம். வராவிட்டால் அடுத்த வீடு. ஆறு நாட்கள் அப்படி ஊதினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

எந்த வீட்டில் எங்கே தோண்டுவது என்று எலிசேயோதான் சொன்னான். “அடுப்புக்கு எடது பக்கம், மூணு அடி தள்ளி. ஞாயித்துக்கெழம அவர் அங்கதான் ஒக்காருவாரு.” அங்கே இருந்தார். அவன் வாய்ச்சொல்லில் ஒன்பது பேரை உயிரோடு எடுத்தோம்.

அவன் வீட்டின் மேல் நான்கு முறை ஊதினேன். நான்கு முறையும் அவன் எனக்கு எதிரில், இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு நின்றான். ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த சந்தில் யாரோ குழாயைத் தட்டுவது கேட்டது.

“நான் போகணும்டா” என்றேன்.

“போ” என்றான்.

மறுநாள் மத்தியானம் லொரெத்தாவை எடுத்தோம். மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: தலையில் அடி, உடனே நினைவு போயிருக்கிறது. ஆனால் முதல்நாள் பொழுது சாயும்வரை உயிர் இருந்திருக்க வேண்டும். தட்டுவதற்கு அவளுக்கு நினைவு இல்லை. மூச்சு இருந்தது.

எலிசேயோ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அரசாங்கம் கொடுத்த மரவீடுகளுக்கு மறுபடி சிலிண்டர் போட ஆரம்பித்தான். என் வீட்டுக்கும் வந்தான். மூக்கை உறிஞ்சவில்லை. யார் வீட்டிலும் அதன் பிறகு உறிஞ்சவில்லை. பேச்சும் கூடவில்லை. இப்போது அவன் முறைதான்.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஊரில் விசில் சத்தம் கேட்டால் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். விளையாடுகிறவர்கள், காபி ஊற்றுகிறவர்கள், நாயைக் கூட்டிப் போகிறவர்கள். அதனால்தான் மைதானத்துக்கு ஆட்டுமணி வந்தது. அக்டோபரில் அந்த நாளில், அந்த நேரத்துக்கு, ஒரு நிமிட மௌனத்துக்காக நான் ஊதுவதோடு சரி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மாநிலப் பேரிடர்த் துறையிலிருந்து சாந்தோரி என்ற அதிகாரி வந்தார். ஒல்லியான, எப்போதும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசுகிற மனிதர். ஊர்க் கூடத்தில் எங்களை உட்காரவைத்து, ஐந்து நாடுகளின் மீட்புத் துறைகள் சேர்ந்து ஒரு காரியம் செய்யப்போவதாகவும், ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பணம் தருவதாகவும் சொன்னார்.

“கடையில இருக்கற பொருள்னா டெண்டர் போட்டு வாங்கிடலாம். நமக்கு வேண்டியது கடையிலேயே இல்ல. அதனால, கண்டுபுடிக்கறதுக்கே பணம் குடுக்கப் போறோம். எப்படிச் செய்யணும்னு சொல்லமாட்டோம். என்ன வேணும்னு மட்டும் சொல்லுவோம். மொதல்ல ஆறு கம்பெனி தாள்ல வரைஞ்சு காட்டும். அதுல மூணு, மாதிரி செஞ்சு காட்டும். அதுல ரெண்டு கள சோதனைக்குப் போகும். மொத்தம் மூணு வருஷம்.”

காபிக்கடை இனெஸ் கையைத் தூக்கினாள். “கடைசியில வாங்குவீங்கல்ல?”

“அது... வாங்கறது தனி டெண்டர்ம்மா. வாங்குவோம்னு இப்பவே வாக்குக் குடுக்க சட்டத்துல எடமில்ல.”

“பொண்ணு பாக்க மூணு வருஷம். மூணு பொண்ணையும் நல்லா வேலை வாங்கிப் பாக்கறது. கல்யாணம் மட்டும் நிச்சயமில்ல. அப்படித்தானே?”

கூடம் சிரித்தது. சாந்தோரியும் சிரித்தார். “ஏறக்குறைய அப்படித்தான்.”

என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். எடை குறைவாக இருக்க வேண்டும். மழையில் வேலை செய்ய வேண்டும். கையுறையோடு அழுத்துகிற மாதிரி பெரிய பொத்தான் வேண்டும். கடைசி வரிசையிலிருந்து எலிசேயோ எழுந்தான். அவன் எழுந்ததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

“தட்ட முடியாதவங்களக் கண்டுபுடிக்கணும்” என்றான். “கத்த முடியாதவங்களையும். மூச்சு மட்டும் இருக்கறவங்கள.” உட்கார்ந்தான்.

அது அப்படியே, ஒரு சொல் மாறாமல், ஐந்து மொழிகளில் அச்சாகி வந்தது. தேவைகளின் பட்டியலில் பதினான்காவது. பட்டியலின் நகல் ஒன்றை சாந்தோரி எனக்கு அனுப்பினார். அந்தப் பக்கத்தை மட்டும் எலிசேயோ கிழித்து வாங்கிக்கொண்டு லாரியில் வெயில் மறைக்கிற பலகையில் செருகிவைத்தான். சமையலறையில் யாராவது கேட்டால், “பதினாலாவது என்னோடது” என்பான். இந்தப் பதினோரு வருஷத்தில் அவன் தானாகப் பெருமைப்பட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

மூன்று கம்பெனிகள் மாதிரி செய்யத் தேர்வாயின. வடக்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி, நுட்பமான ஒலிவாங்கிகள் வைத்து. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, இடிபாட்டிலிருந்து வருகிற காற்றை உறிஞ்சி மனித வாடை பிடிக்கிற பெட்டி வைத்து. மூன்றாவது பொலோனியா நகரத்தில் இரண்டே பேர் நடத்துகிற கம்பெனி. அதிலிருந்து வந்தவள் ஒர்நெல்லா. நாற்பது வயதிருக்கும். நகம் கடிப்பாள். மற்ற கம்பெனிகள் புகைப்படக்காரரோடு வந்தன. அவள் ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு தனியாக வந்து, எலிசேயோவின் லாரியில் ஏறி இரண்டு நாள் வீடு வீடாகச் சுற்றினாள். எங்கள் ஊர்ச் சுவர் எத்தனை தடிமன், கல்லா, செங்கல்லா, உள்ளே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

“மூச்சு விடறப்ப நெஞ்சு எவ்வளவு அசையும், தெரியுமா?” என்று காபிக்கடையில் அவள் அவனிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறது. “ஒரு அரிசி நீளம். அவ்வளவுதான். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அரிசி அசையறத நான் இந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கணும்.”

“பாக்க முடியுமா?”

“பொலோனியாவுல பாத்துட்டேன். என் பார்ட்னர் தரைக்கடியில படுத்துக் குறட்டை விட்டான். இங்க பாக்கணும்.”

“அப்ப லொரெத்தாவப் பாத்திருக்கும்” என்றான் எலிசேயோ.

அவள் நகத்தை வாயிலிருந்து எடுத்தாள். “பாத்திருக்கும்ணே” என்றாள்.

மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்கிற சோதனை போன வருஷம் செப்டம்பரில் நடந்தது. இடிந்துபோன பழைய செங்கல் சூளையில் கல்லும் கான்கிரீட்டும் குவித்து மேடு செய்திருந்தார்கள். அடியில் இரண்டு இடங்களில் பெரிய கான்கிரீட் குழாய்கள். ஒன்றில் சூடேற்றிய பொம்மை, இன்னொன்றில் ஓர் ஆள். எதில் எது என்று கம்பெனிகளுக்குத் தெரியாது. ஆளாகப் படுப்பதற்கு இளவட்டங்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். எலிசேயோ ஒப்பவில்லை. இரண்டு நாளும் தானே படுப்பதாகச் சொன்னான். பதினாலாவது அவனுடையது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சாந்தோரி அவனிடம் விதிகளைப் படித்துக்காட்டினார். தட்டக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது, நினைவு இழந்தவர் மாதிரி கிடக்க வேண்டும். உயிரோடு இருப்பவரை இரண்டு முறை தவறவிடுகிற இயந்திரம் போட்டியிலிருந்து விலக்கப்படும்.

குழாய்க்குள் இறங்குமுன் அவன் ஒர்நெல்லாவைப் பார்த்தான். அவர்கள் பேசக் கூடாது என்று விதி. அவன் சாந்தோரியிடம் கேட்பதுபோல உரக்கக் கேட்டான், “நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணுமே செய்ய வேண்டாம்” என்றார் சாந்தோரி. “மூச்சு விட்டாப் போதும்.”

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியும் மேட்டின் மேல் யாரும் அசையாமல், சத்தமில்லாமல் இருக்க வேண்டும். அதற்குச் சைகை காட்டுவது என் பொறுப்பு. தாளில் எழுதியிருந்தது, “கையை உயர்த்த வேண்டும்” என்று. மேட்டின் மேல் ஏறினேன். கீழே கல். சுற்றிலும் ஆட்கள். என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. விசிலை ஊதினேன்.

எல்லாம் நின்றது. சாந்தோரி பாராட்டுகிற மாதிரி தலையசைத்தார். அதன் பிறகு இரண்டு நாளும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் விசில்தான் ஊதினேன்.

வாடை பிடிக்கிற பெட்டி அவனைக் கண்டுபிடித்தது. ஒலிவாங்கிகளும் கண்டுபிடித்தன, நாற்பதாவது விநாடிக்குச் சற்று முன் அவன் பெல்ட்டின் கொக்கி குழாயில் உரசியதாம். ஒர்நெல்லாவின் பெட்டி ஆரஞ்சு நிறத்தில், மூன்று கால்களில் நின்றது. அவள் திரையைப் பார்த்தாள். நாற்பது விநாடி முடிந்ததும், “ரெண்டு குழியும் காலி” என்று படிவத்தில் எழுதினாள். மறுநாள் இடம் மாற்றினார்கள். அன்றும் அவள் எழுதியது அதேதான்.

எலிசேயோவை மேலே ஏற்றியதும் அவன் அவளைத் தேடினான். அவள் பெட்டியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா?” என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். “இல்ல” என்றாள். “எதுவுமே இல்ல. மட்டமான கோடு.”

நவம்பரில் கடிதம் வந்தது. பெரிய கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனியும் மூன்றாம் கட்டமான கள சோதனைக்குப் போயின. மறுப்பு இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒர்நெல்லா சொல்லவில்லை. என்னவென்று சொல்வாள்? அவள் எலிசேயோவுக்குப் போன் செய்தபோது நான் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“மன்னிச்சுடுங்கண்ணே” என்று போனில் அவள் குரல் கேட்டது. “ஒங்க வாக்கியத்துக்கு என்னால பதில் சொல்ல முடியல.”

“பரவால்லம்மா” என்றான். “கல்லு தடிமன் ஜாஸ்தி.”

போனை வைத்துவிட்டு வெயில் பலகையைக் கீழே இறக்கி, தாளைப் பார்த்து, மறுபடி மேலே தள்ளிவிட்டான்.

இந்த வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிறு. எங்கள் அணிக்கும் கடலோர ஊர் அணிக்கும் ஆட்டம். வழக்கமான நடுவருக்குக் காய்ச்சல். சங்கம் அனுப்பிய புது ஆளிடம் மணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மணி, காய்ச்சல்காரர் வீட்டிலேயே இருந்தது. ஆட்டம் தொடங்கப் புது நடுவர் விசிலை ஊதினார்.

எங்கள் பதினோரு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் நின்றார்கள். இனெஸ் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தவள், கெட்டிலை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றாள். எதிரணிப் பையன் பந்தை உருட்டிக்கொண்டு போய், யாரும் தடுக்காத வலைக்குள் தட்டிவிட்டு, கைகளை உயர்த்தி, பிறகு என்னவோ தப்பு என்று புரிந்து கைகளை இறக்கினான்.

எலிசேயோ என் பக்கத்தில் நின்றிருந்தான். ஆட்கள் அசையத் தொடங்கினார்கள். யாரோ நடுவரைப் பார்த்து, “யோவ், ஒன்ன எவன்யா விசில் எடுத்துட்டு வரச் சொன்னது?” என்று கத்தினார்கள். எலிசேயோ மட்டும் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“ஃபவுஸ்தோ” என்றான் என்னிடம். “இன்னொரு தடவ ஊதச் சொல்லு.”

“ஒனக்கென்ன பைத்தியமா?”

அவன் கம்பியைத் தாண்டி மைதானத்துக்குள் போனான். நடுவரிடம் ஏதோ சொன்னான். அந்த மனிதர் பயந்துபோயிருந்தார். ஊதினார்.

மறுபடி எல்லாம் நின்றது. எலிசேயோ நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் என்னை நோக்கித் திரும்பினான். அப்போதுதான் நானும் என் நெஞ்சைக் கவனித்தேன்.

அந்த ஆறு நாட்களில் நாங்கள் மூச்சையும் நிறுத்தியிருந்தோம். எங்கள் மூச்சுச் சத்தத்தில் உள்ளேயிருந்து வருகிற தட்டல் அமுங்கிவிடுமோ என்ற பயம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு அது எங்களுக்கு மறந்துபோயிற்று. உடம்புக்கு மறக்கவில்லை.

திரும்பி வந்து எலிசேயோ சொன்னான். “நான் மூச்சு விடல.”

“யாருமே விடலடா.”

“அங்க. கொழாக்குள்ள. ரெண்டு நாளும்.”

அங்கே ஊதியவன் நான். விசில் என்னுடையது.

மறுநாளே சாந்தோரியின் அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாவது மாடி, ஜன்னலோரம் வாடிய செடி. எலிசேயோ எல்லாவற்றையும் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. சாந்தோரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நம்பறேன்” என்றார். “நான் ஒங்கள நம்பறேன் எலிசேயோ.”

“அப்ப இன்னொரு தடவ வைங்க. நான் படுக்கறேன்.”

“மறுப்புச் சொல்ற நாள் தாண்டி நாலு மாசமாச்சு. மூணாம் கட்ட ஒப்பந்தம் ரெண்டு கம்பெனியோடயும் கையெழுத்தாயிடுச்சு. அதுக்குண்டான பணம் ரெண்டுக்கும் போயிடுச்சு. ஒருத்தருக்கு மட்டும் மறுபடி சோதனை வெச்சா மத்த ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. அஞ்சு நாட்டு வேலையும் நிக்கும்.”

“தப்பு அவங்க மேல இல்ல. அந்தம்மா மேலயும் இல்ல. நான் செத்தவன் மாதிரி கெடந்தேன். பெட்டி சரியாத்தான் சொல்லிச்சு.”

“தெரியுது.”

“அந்த ரெண்டு பெட்டியும் பதினாலாவதுக்குப் பதில் சொல்லுமா?”

சாந்தோரி கோப்பைப் புரட்டினார். தெரிந்த பதிலைத் தேடுகிற மாதிரி புரட்டினார். “‘பகுதி அளவில் நிறைவு’ன்னு போட்டிருக்கு. வாடை புடிக்கறது காத்து இல்லாத நாள்ல கண்டுபுடிக்கும். நெசமான இடிபாட்டுல, ஆழத்துல இருந்தா ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்.”

எலிசேயோ எழுந்தான்.

“எழுதிக் குடுங்க” என்றார் சாந்தோரி. “கோப்புல வெக்கிறேன்.”

“வெச்சா?”

“இருக்கும்” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவரால் முடிந்தது அதுதான். எலிசேயோ அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். அதில் என் விசிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைப் படித்துவிட்டுக் கீழே விசிலைப் பற்றி நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒர்நெல்லாவிடம் போனில் சொல்ல அவன் விரும்பவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்றான். மே மாதம் லாரியிலேயே பொலோனியா போனோம். ஐந்து மணி நேரம். வழியில் அவன் ஒரு தடவைதான் பேசினான்: “பெட்ரோல் போடணும்.”

அவள் கம்பெனி ஜனவரியிலேயே மூடியாகிவிட்டது. பார்ட்னர் வெளிநாடு போய்விட்டான். அவள் இப்போது பேரங்காடிகளுக்குத் தானியங்கிக் கதவு செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். “ஆள் வந்தா தெறக்கும். ஆள் இல்லன்னா மூடிக்கும். இதுலயும் அதே வித்தைதாண்ணே, கொஞ்சம் முட்டாள்தனமா” என்று சிரித்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். எலிசேயோ கோப்பையைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னான்.

அவள் வெகுநேரம் நகம் கடித்தாள்.

“நாலு மாசம் அந்தக் கோட்டையே பாத்துட்டு இருந்தேன்” என்றாள். “விசிலுக்கு முன்னாடி மூச்சு மாதிரி ஒண்ணு இருக்கு. விசிலுக்கப்பறம் இல்ல. பெட்டிதான் கோளாறுன்னு நெனச்சேன். அந்தக் கோளாறக் கண்டுபுடிக்கறதுக்காகப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன். என் பார்ட்னர் என்னைப் பாத்துப் பயந்துதான் போனான்.” பிறகு, “கோளாறே இல்லையா அதுல?” என்று கேட்டாள். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

“இல்லம்மா.”

பெட்டி, அவள் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில், சைக்கிள்களுக்கும் ஒயின் ஜாடிகளுக்கும் நடுவில் இருந்தது. கண்டுபிடிப்பு கம்பெனிக்கே சொந்தம் என்பது விதி. அதனால் அவளிடமே இருந்தது. அரசாங்கத்துக்கு அது தேவைப்படவில்லை.

“நான் அந்தப் பக்கம் படுக்கறேன்” என்றான் எலிசேயோ.

நிலவறையின் நடுச்சுவர் பழைய கல். முக்கால் மீட்டர் தடிமன். அவன் அதற்கு அப்பால் போய், வெறுந்தரையில், யார் வீட்டு அட்டைப்பெட்டிகளையோ நகர்த்திவிட்டுப் படுத்தான். ஒர்நெல்லா பெட்டியின் மூன்று கால்களை விரித்து நிறுத்தினாள். திரை எரிந்தது.

“ஃபவுஸ்தோ, விசில ஊது” என்று அங்கிருந்து குரல் வந்தது.

“வேண்டாம்டா. சும்மா படு.”

“ஊது.”

ஊதினேன். திரையில் கோடு மட்டமாக ஓடியது. நாற்பது விநாடி. நானும் அவளும் பார்த்துக்கொண்டே நின்றோம். மூச்சு விடுவதற்கென்றே ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன்.

“தெரியுதா?” என்று கேட்டான்.

“இல்லண்ணே.”

“மறுபடி ஊது.”

ஊதினேன். மட்டமான கோடு.

அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. “கடைசியா ஒண்ணு” என்றான்.

மூன்றாவது முறை ஊதினேன். கோடு மட்டமாகத் தொடங்கியது. பிறகு ஒரு சின்ன மேடு. பிறகு பள்ளம். மேடு. பெட்டியின் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஒர்நெல்லா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப?” என்றான்.

“இருக்கீங்க” என்றாள். “இருக்கீங்கண்ணே. தெரியுது.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். “பதினோரு விநாடி.”

அங்கிருந்து பதில் வரவில்லை. அவன் எழுந்து வருவான் என்று காத்திருந்தோம். வரவில்லை. சத்தமும் இல்லை. நான் கூப்பிட வாயெடுத்தேன். ஒர்நெல்லா என் கையைப் பிடித்துத் திரையைக் காட்டினாள். மேடும் பள்ளமும் ஒழுங்கு கெட்டு, உடைந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஓடிக்கொண்டிருந்தன. அழுகிறவனின் நெஞ்சு எப்படி அசையும் என்று முக்கால் மீட்டர் கல்லுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் பெட்டியை அணைக்கவில்லை. அந்தக் கோடு ஒழுங்காகும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

மூன்றாம் கட்டம் கோடையில் முடிந்தது. வண்ணப் படங்களோடு அறிக்கை வந்தது. ‘வெற்றிகரமாக நிறைவுற்றது’ என்று முதல் பக்கத்தில் இருந்தது. வாங்குவதற்கான டெண்டர் வரவில்லை. வருமா என்று இனெஸ் கேட்டதற்கு, அடுத்த நிதித் திட்டத்தில் பார்க்கலாம் என்றார் சாந்தோரி.

எலிசேயோ சிலிண்டர் போடுகிறான். வெயில் பலகையில் அந்தத் தாள் இப்போது இல்லை. நான் கேட்கவில்லை.

இந்த அக்டோபரிலும் ஏழு நாற்பதுக்குத் தபால் நிலையம் இருந்த இடத்தில் கூடினோம். குளிர். நான் கையை உயர்த்தினால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். எலிசேயோ கூட்டத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, ஊது என்பதுபோல் தலையசைத்தான். ஊதினேன்.

ஊர் நின்றது. யார் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. கனமான சாமானைச் சுமந்து படியேறுகிறவனுடைய மூச்சு மாதிரி, சிரமப்பட்டு இழுத்துச் சிரமப்பட்டு விடுகிற சத்தம். அவன் முகத்துக்கு முன்னால் வெள்ளையாக ஆவி எழுந்து கலைந்தது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனெஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எலிசேயோ, சத்தம்” என்றாள் மெதுவாக.

அவன் நிறுத்தவில்லை.